பீடத்தைப் பார்த்தும் சபையைப் பார்த்தும்: ஒரு லுத்தரன் ஆராதனைக்குப் போகிறவருக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கும்பகோணத்தில் உங்களோடு வேலை பார்க்கும் ஒருவர், தம் மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை 'திடப்படுத்தல்' (குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை, விவரம் தெரிந்தபின் பிள்ளை தன் வாயால் உறுதிசெய்யும் சடங்கு) என்றும், மயிலாடுதுறைப் பக்கத்திலுள்ள தம் ஊர் லுத்தரன் கோவிலில் நடக்கும் ஆராதனைக்கும் அதன்பின் வீட்டுச் சாப்பாட்டுக்கும் குடும்பத்தோடு வரவேண்டும் என்றும் அழைத்திருக்கிறார். வேளாங்கண்ணிக்கு நீங்கள் பலமுறை போயிருக்கிறீர்கள். ஆனால் இவர் 'நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள் இல்லை' என்று சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. ஆகவே இவர்கள் எதை நம்புகிறவர்கள், அந்த ஆராதனையில் என்னதான் நடக்கிறது, அப்பமும் திராட்சை இரசமும் கொடுக்கும்போது இந்துவாகிய நீங்கள் என்ன செய்யவேண்டும், மதம் மாறச் சொல்வார்களா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கிற்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அழைத்தவர் மனம் நோகாமலும், தாம் நம்பாததை நம்புவதுபோல் நடிக்காமலும் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி? அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

என் தகப்பனார் இந்தக் கடைமடைப் பகுதியில் உபதேசியாராக இருந்தவர். நான் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஆயர், அதாவது சபைக் குரு, வர இயலாத ஞாயிறுகளில் ஆராதனையும் நடத்தியிருக்கிறேன். குருப்பட்டம் பெற்றவன் அல்லன். எனவே லுத்தரன் சபையைப் பற்றி உள்ளிருந்து பேசுவேன். கத்தோலிக்கரையும் பெந்தெகொஸ்தே சபையாரையும் பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் பார்வைதான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே பார்க்கப்போவதில் ஒரு பாதி இவர்களுடைய விசுவாசம், மறுபாதி நம் ஊர் வழக்கம். முதல் பாதி ஞானோபதேசப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடியானாலும் ஜெர்மனியானாலும் அது ஒன்றுதான். இரண்டாவது பாதி கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்துவிட்டு அதையே முதலாவது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் அப்படி எண்ணுகிறவர்கள் உண்டு.

நம் பக்கத்தில் சிலுவை வைத்த கட்டடம் எதுவானாலும் அதை 'மாதா கோவில்' என்று சொல்லிவிடுவது வழக்கம். பேருந்து நடத்துநர் எங்கள் கோவில் நிறுத்தத்தையும் அப்படித்தான் கூவுகிறார், நாங்களும் இறங்கிக்கொள்கிறோம். உண்மையில் டெல்டாவில் கத்தோலிக்கரின் வரலாறு வேறு, லுத்தரன் சபையின் வரலாறு வேறு. ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தில் கத்தோலிக்கரிடமிருந்து பிரிந்தது லுத்தரன் சபை. அது இங்கே தொடங்கிய நாளைத் தேதியோடு சொல்லலாம். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அப்போது அந்த ஊர் டேனியர் கையில் இருந்தது. சீகன்பால்க் தமிழ் படித்தார்; அச்சகம் வரவழைத்தார்; 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ராஜ வீதியில் சிலுவை வடிவில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோக, அதே ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1733இல் அதே ஊரில் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவரே. தரங்கம்பாடியை டேனியர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபின் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் இந்தச் சபைகளைப் பார்த்துக்கொண்டது. 1919இல் இவை தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் தனித் திருச்சபை ஆயின. அதன் தலைவர் இன்றும் 'தரங்கைப் பேராயர்' என்றே அழைக்கப்படுகிறார். ஆனால் அவர் இருப்பது திருச்சியில்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். உங்கள் நண்பரின் உறவினர் சிலர் தஞ்சாவூரில் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கக்கூடும், அவர்களும் 'எங்கள் சபை ஷ்வார்ட்ஸ் ஐயர் காலத்துச் சபை' என்று சொல்வார்கள். அதுவும் சரிதான். தரங்கம்பாடி மிஷனிலிருந்து வந்த கிறிஸ்தியான் பிரடெரிக் ஷ்வார்ட்ஸ் தஞ்சாவூரில் ஊழியம் செய்தார். மன்னர் இரண்டாம் சரபோஜிக்குப் பாதுகாவலராகவும் இருந்தார். 1798இல் அங்கேயே காலமானார். சிவகங்கைப் பூங்கா அருகே 1779இல் அவர் கட்டிய ஆலயத்தில் சரபோஜி வைத்த பளிங்குச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். அந்தத் தஞ்சாவூர்ச் சபைகள் பின்னால் ஆங்கிலேயத் திருச்சபையின் கைக்குப் போய், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. வேர் ஒன்றுதான், கிளை இரண்டு. கல்யாணம் கட்டிக்கொள்வதில் இரு சபையாரும் அந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற சின்னப் புத்தகம்தான் நண்பரின் மகள் இத்தனை மாதமாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பது. பத்துக் கட்டளைகள், நம்புவது இன்னதென்று சொல்லும் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், அப்பமும் இரசமும் பெறும் நற்கருணை ஆகியவையே அதன் முக்கியப் பகுதிகள். ஒவ்வொரு கட்டளைக்கும் வேண்டுதலுக்கும் அடுத்து 'இதற்கு அர்த்தம் என்ன?' என்ற ஒரே கேள்வி வரும். பிள்ளை பதில் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் இந்தக் கேள்வி பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அப்பா கோபத்தில் ஏதாவது உத்தரவு போட்டால், வகுப்புக்குப் போகிற பிள்ளை வாசற்படியில் நின்றுகொண்டு 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்டுவிட்டு ஓடும்.

அந்தப் புத்தகம் முழுவதற்கும் உயிர்நாடி ஒன்றுதான். மனிதன் தன் புண்ணியத்தால் கடவுளிடம் நல்ல பெயர் வாங்கமுடியாது. இயேசு கிறிஸ்துவின் மரணத்தின் நிமித்தம் கடவுள் இலவசமாகக் கொடுக்கும் மன்னிப்பை நம்பி ஏற்றுக்கொள்வதே இரட்சிப்பு. கிருபை என்ற சொல்லை அன்று பத்து முறையாவது கேட்பீர்கள். அதற்கு இதுதான் பொருள். அப்படியானால் நற்செயல் தேவையில்லையா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் எவனாவது ஒருவன் கேட்பான். நான் சொல்லும் பதில் இது: மாமரம் தன்னை மாமரம் என்று நிரூபிப்பதற்காகக் காய்ப்பதில்லை, மாமரமாக இருப்பதால் காய்க்கிறது. நற்செயல் கடனுக்குக் கட்டும் தவணை அல்ல, கடன் தள்ளுபடியான பிறகு வரும் நன்றி என்பதே லுத்தரன் போதனை. இதை நடைமுறையில் எல்லாரும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்காகப் பொருத்தனை செய்துகொண்டு, மதிப்பெண் வந்ததும் காணிக்கை உறையில் பணம் போடுகிற தாய்மார் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். அது ஞானோபதேசத்தில் இல்லாத வழக்கம், மண்ணோடு வந்தது.

மாதாவைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதைக் கொஞ்சம் திருத்திப் புரிந்துகொள்ளுங்கள். இயேசுவின் தாய் மரியாளை லுத்தரன் சபை மதிக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் அவர் பெயரை ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம். ஆனால் அவரிடத்திலோ மற்றப் பரிசுத்தவான்களிடத்திலோ ஜெபிப்பதில்லை. பரிந்து பேசுகிறவர் கிறிஸ்து ஒருவரே என்பது போதனை. ஆகவே கொடியேற்றம், தேர்பவனி, நேர்ச்சைக்கு மொட்டை போடுவது முதலியவற்றை அங்கே தேடாதீர்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 பெருவிழா முடியும் வரை சாலையில் காவி உடுத்தி நடந்து போகிறவர்களில் எங்கள் சபையார் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆயர் கண்ணில் படாமல் போய்வருகிறவர்களும், படட்டுமே என்று போகிறவர்களும் உண்டு. அங்கே மாதா காட்சி தந்த வரலாறு வாய்மொழியாக வந்த மரபு. அந்தத் திருத்தலத்துக்கு 1962இல் பசிலிக்கா தகுதி வழங்கப்பட்டது எழுத்தில் உள்ள செய்தி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காமலிருந்தால் போதும். மற்றப்படி அந்த பக்தியை எடைபோடுவது என் வேலை அல்ல.

கோவிலுக்குள் நுழைந்ததும் பீடத்தின்மேல் சிலுவையும் மெழுகுவர்த்திகளும், சில ஊர்களில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமும் கண்ணில் படும். 'மாதாவைக் கும்பிடாதவர்கள் சுரூபம் மட்டும் வைத்திருக்கிறார்களே' என்று அப்போது நீங்கள் திகைக்கக்கூடும். வணங்குவதற்காக அல்லாமல் நினைவூட்டலாக உருவம் இருப்பதை லுத்தர் தடுக்கவில்லை. பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலேயே இது தெரியும். சி.எஸ்.ஐ. சபையில் விக்கிரகம் பற்றியது தனியாக இரண்டாம் கட்டளை. லுத்தரன் ஞானோபதேசத்தில் அது முதல் கட்டளைக்குள் அடங்கிவிடும், கத்தோலிக்கரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இதனால் 'ஆறாம் கட்டளை என்ன?' என்று கேட்டால் தஞ்சாவூர்ப் பிள்ளை ஒன்றும் தரங்கம்பாடிப் பிள்ளை வேறொன்றும் சொல்லும். இரண்டுமே சரியான பதில்கள்.

இந்தச் சபை குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறது. தானாக எதையும் செய்ய இயலாத குழந்தைக்கும் கடவுள் கிருபையைக் கொடுக்கிறார் என்பது அதன் காரணம். மேலே சொன்ன போதனையின் நேரடி விளைவு அது. நெற்றியில் மூன்று முறை தண்ணீர் வார்த்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபையார் இதை ஏற்பதில்லை. நம்பத் தெரிந்த வயதில் முழுக்கு ஞானஸ்நானம் பெறவேண்டும் என்கிறார்கள். காவிரிக்கரைக் கிராமங்களில் கடந்த பல ஆண்டுகளாக ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் மனத்தாங்கல்களில் பாதி இதில்தான் தொடங்குகிறது. எங்கள் சபை இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கொடுத்தவர் கடவுள் என்றால் அவர் கொடுத்தது முதல் முறையே செல்லும் என்பது வாதம். அப்படிக் குழந்தையாயிருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவளுக்காகச் சொன்னதை, விவரம் தெரிந்தபின் அவளே தன் வாயால் சபைமுன் சொல்வதுதான் திடப்படுத்தல். அதன்பிறகே அவள் முதல்முறையாக நற்கருணையில் சேருவாள்.

ஆராதனையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு குறிப்புத் தருகிறேன். என் தகப்பனார் எனக்குச் சொன்னது. ஆயர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று பாருங்கள். பீடத்தைப் பார்த்து நின்றால், சபையின் சார்பில் கடவுளோடு பேசுகிறார். சபையைப் பார்த்து நின்றால், கடவுளின் சார்பில் சபையோடு பேசுகிறார். பழைய முறைமைப்படி நடத்தும் ஆயர்கள் இதைத் தவறமாட்டார்கள். பீடத்தைச் சுவரிலிருந்து முன்னே இழுத்துப் போட்டிருக்கும் புதிய கோவில்களில் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. மூன்றாம் மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று பாட, ஆயரும் திடப்படுத்தல் பிள்ளைகளும் பவனியாக வருவார்கள். பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற திரியேக நாமத்தில் தொடக்கம். பிறகு பாவ அறிக்கை: ஆயர் உங்களுக்கு முதுகு காட்டி முழங்காற்படியிடுவார், தாமும் பாவிகளில் ஒருவராக. அது முடிந்ததும் எழுந்து திரும்பி மன்னிப்பை அறிவிப்பார். அந்தத் திரும்புதலில்தான் முழு லுத்தரன் விசுவாசமும் இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பிறகு 'கர்த்தாவே இரங்கும்' என்று இராகமாகச் சொல்லுதல், துதி, அன்றைய ஜெபம், நிருப வாக்கியம், சுவிசேஷ வாக்கியம், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, பொது ஜெபம் என்று வரிசையாகப் போகும். சுவிசேஷம் வாசிக்கையில் எழுந்து நிற்பார்கள். பீடத்துணியின் நிறம் காலத்துக்கு ஏற்ப மாறும்: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஊதா, கிறிஸ்துமஸிலும் ஈஸ்டரிலும் வெள்ளை, பெந்தெகொஸ்தே திருநாளில் சிவப்பு, அதன்பின் வரும் நீண்ட மாதங்களில் பச்சை.

பாட்டுகள் இரண்டு வகைப்படும், கேட்டவுடன் பிரித்துவிடலாம். ஒன்று ஞானப்பாட்டு, ஜெர்மன் மெட்டுக்குத் தமிழை அளந்து வைத்தது. ஃபபிரீஷியுஸ் ஐயர் போன்றோர் மொழிபெயர்த்தவை இதில் அடங்கும். வேதாகமத்தையும் மொழிபெயர்த்த அவருடைய தமிழை லுத்தரன் சபையார் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாட்டுகளில் குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலாக இழுக்க நேரும். புதிய காதுக்கு விநோதமாக இருக்கும், எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. மற்றொன்று கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு, இராக தாளத்தில் பாடுவது. ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்து சரபோஜி காலத்துத் தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இந்த வகையில் எங்களுக்குப் பெரிய சொத்து. அதே மண்ணில், ஏறக்குறைய அதே காலத்தில், சில மைல் தூரத்தில் திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், கீர்த்தனை எங்கள் கோவிலுக்குள் எப்படி வந்தது என்று கேட்கவே தோன்றாது. கீர்த்தனை எடுக்கும்போது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் தாளம் போடுவார். ஞானப்பாட்டின்போது அதே கை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

திடப்படுத்தல் பிரசங்கத்துக்குப் பின் வரும். பெண்பிள்ளைகள் வெள்ளைப் புடவை அல்லது வெள்ளை உடையில், தலையில் வெள்ளை முக்காட்டோடு, பையன்கள் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருப்பார்கள். ஞானோபதேசத்திலிருந்து ஆயர் கேள்வி கேட்பார். சில சபைகளில் இந்தப் பரீட்சையை முந்தின நாளே முடித்துவிடுவார்கள். ஒரு வருஷம் எங்கள் சபையில் நன்றாகப் படிக்கும் பெண்ணொருத்தி எழுந்து நின்றாள். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றிய மூன்றாம் பகுதிக்கு விளக்கம் கேட்டதும் வாயடைத்துப் போனாள். கோவில் முழுக்க நிசப்தம். முன்வரிசையில் இருந்த அவளுடைய பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், மெல்லிய குரலில் முதல் வரியை எடுத்துக்கொடுத்தார். பெண் அங்கிருந்து தடையில்லாமல் சொல்லி முடித்தாள். அந்த வரியின் கருத்தோ, என் சொந்தப் புத்தியால் நான் நம்ப முடியாது, பரிசுத்த ஆவியே என்னை அழைத்தார் என்பது. கேள்விகள் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முழங்காற்படியிட, ஆயர் தலையில் கைவைத்து ஜெபித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வேத வசனத்தைக் கொடுப்பார். அது ஆயுள் முழுக்க அந்தப் பிள்ளையின் வசனம். என் அம்மாவின் வசனத்தைத்தான் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறோம்.

அடுத்தது நற்கருணை, நீங்கள் அதிகம் தயங்கும் இடம். லுத்தரன் போதனையில் இது வெறும் நினைவுச் சடங்கு அன்று. அப்பத்தோடும் இரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே கொடுக்கப்படுகின்றன என்று நம்புகிறார்கள். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, இரசமும் இரசமாகவே இருக்கிறது. எப்படி என்ற விளக்கத்துக்குள் அவர்கள் போவதில்லை, கிறிஸ்து சொன்னார் என்பதே போதும் என்பார்கள். ஆகவே இது ஞானஸ்நானம் பெற்று, போதிக்கப்பட்டு, நம்புகிறவர்களுக்கு உரியது. பீடத்தின் முன் கம்பியருகே வரிசையாக முழங்காற்படியிட்டு வாங்குவார்கள். ஒரு வரிசைக்குப் 'பந்தி' என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்திதான், அதே சொல். உங்கள் வரிசையிலிருந்து எல்லாரும் எழுந்து போகும்போது நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கும். கூச்சப்படவேண்டாம்; திடப்படுத்தல் பெறாத பிள்ளைகளும் ஏதோ மனச்சங்கடத்தில் இருக்கும் சபையாருமே உட்கார்ந்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கால்களை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டால் அதுவே போதும். பிரசாதம் என்று நினைத்து மரியாதைக்காகப் போய் வாங்கிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் அப்படி வாங்கியவர்களை அறிவேன், ஆயருக்கும் அழைத்தவருக்கும் அதுதான் தர்மசங்கடம்.

பந்தி என்ற சொல்லைச் சொன்னபின் ஒன்றை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கும் முன்பின் பார்த்தார்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலேயப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். மேலே நான் போற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த உத்தரவை எதிர்த்த பக்கத்தில் நின்றார். பின்னால் வந்த லைப்சிக் மிஷனார் இதில் விட்டுக்கொடுத்தே போனார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாளிலேயே இருந்தது. இன்று ஒரே பந்தி, ஒரே பாத்திரம். கல்யாணப் பேச்சிலும் சபைச்சங்கத் தேர்தலிலும் அந்தப் பழைய கணக்கு அடியோடு மறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். போதனைக்கு நேர் எதிராக நின்ற ஊர்வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லா வழக்கமும் அப்படியல்ல. பீடத்தின் முன் ஆலயத்தில் தாலி கட்டுவதும், அந்தத் தாலியில் சிலுவை பொறிப்பதும் ஊர்வழக்கமே. அறுப்பின் பண்டிகையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். நெல்மூட்டை, வாழைத்தார், பூசணி, கோழி, ஒரு சொம்பு பால் என்று அவரவர் விளைச்சலைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் ஏலம். தான் கொண்டுவந்த தேங்காயைத் தானே கடைவிலையைவிடப் பத்து மடங்கு கேட்டு எடுத்துப் போகிறவரும் உண்டு. மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்களில் அந்த ஏலம் சீக்கிரம் முடிந்துவிடும். பொது ஜெபத்திலும் மழைக்கும் ஆற்றுத் தண்ணீருக்குமான வேண்டுதல் அதே வருஷங்களில் நீளும்.

மதம் மாறச் சொல்வார்களா என்ற கேள்விக்கு: அந்த ஆராதனை அதற்கானது அன்று. பிரசங்கத்தில் இயேசுவை நம்புங்கள் என்ற அழைப்பு வரும். அது அங்கிருக்கும் எல்லாரையும் பார்த்துச் சொல்வது, முதலில் உறுப்பினர்களையே பார்த்து. யாராவது கைப்பிரதி நீட்டினால் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். உபதேசம் பெறாமல் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால், தற்செயலாக நீங்கள் எதிலும் மாட்டிக்கொள்ளும் வழி கிடையாது.

நடைமுறைக்கு இன்னும் சில. செருப்பை வாசலில் விடுவது ஊருக்கு ஊர் மாறும். படியில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் விட்டுவிடுங்கள். பல கோவில்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் உட்காருவார்கள்; உங்கள் மனைவி தனியே உட்காரத் தயங்கினால் நண்பர் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெண்கள் ஜெபத்தின்போது முந்தானையால் தலையை மூடுவார்கள். விருந்தினர் மூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பொட்டு வைத்துக்கொண்டு வருவதிலும் தடையில்லை. எல்லாரும் நிற்கும்போது நில்லுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். முழங்காற்படியிட வேண்டாம், தலையைச் சற்றுக் குனிந்திருந்தால் போதும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எழுந்து நின்று வாய் மூடி இருப்பதே நேர்மை. அது 'நான் நம்புகிறேன்' என்று சொல்லும் வாக்கியம், நம்பாதவர் சொல்லவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. காணிக்கைப் பை வந்தால் போடலாம், அடுத்தவரிடம் தள்ளியும் விடலாம். கைவைத்து ஜெபிக்கும் நேரத்தில் பீடத்தருகே போய்ப் படம் எடுக்கவேண்டாம். சில ஆயர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். நற்கருணையிலும் இருக்கையிலும் அந்தச் சபைக்கென்று தனி ஒழுங்கு ஏதேனும் இருக்கிறதா என்பதை நண்பரிடமோ ஆயரிடமோ சனிக்கிழமையே கேட்டுக்கொள்வது நல்லது. ஆயரை 'ஐயா' என்றால் போதும்.

பரிசு என்ன கொடுப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று வந்திருக்கும். நல்ல பேனாவோ கைக்கடிகாரமோ போதும். வீட்டுக்குப் போனதும் ஆயர் அவளுக்கு என்ன வசனம் கொடுத்தார் என்று கேளுங்கள். அன்று வந்தவர்களெல்லாம் கேட்டிருப்பார்கள், அவளும் சலிக்காமல் சொல்லுவாள். சாப்பிடாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஆராதனை பத்தரைக்கு முடியும் என்று நண்பர் சொல்லியிருப்பார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.